புது ஃபிளாட், பழைய ஃபிளாட், மனை வாங்கிக் கட்டுவது: பால் காய்ச்சும் நாள் வரையான கணக்கு

வீடு வாங்கும் பேச்சு எழுந்ததும் நம் குடும்பங்களில் முதலில் ஒப்பிடப்படுவது சதுர அடி விலைதான். "ஃபிளாட்டுக்கு சதுர அடி ஆறாயிரம் கேட்கிறார்கள், அந்தப் பணத்துக்கு மனை வாங்கித் தனி வீடே கட்டிவிடலாம்" என்று யாராவது ஒரு சித்தப்பா சொல்லுவார். அவர் சொல்வதில் உண்மை உண்டு. ஆனாலும் முடிவெடுக்க வேண்டிய குடும்பத்துக்கு வேறு இரண்டு எண்கள் தேவை: புது வீட்டில் பால் காய்ச்சும் நாள் வரை மொத்தம் எவ்வளவு செலவாகும், அதில் வங்கி தராமல் நம் கையிலிருந்தே போக வேண்டியது எவ்வளவு. இந்த இரண்டையும் எழுதிப் பார்க்காமல் முன்பணம் கொடுத்தவர்கள் பாதி வழியில் நகையை அடகு வைப்பதைப் பார்த்திருக்கிறேன். நாங்களும் வைத்தோம்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தாம்பரத்துக்குத் தெற்கே 15,000 ரூபாய் வாடகையில் இருக்கிறார்கள். கணவன், மனைவி இருவருக்குமாகக் கைக்கு வரும் சம்பளம் மாதம் 1,10,000. சேமிப்பு 24 லட்சம். அந்த 24 லட்சத்தில் 3 லட்சத்தை மருத்துவம், வேலையிழப்பு போன்றவற்றுக்காக ஒதுக்கிவிட்டால் வீட்டுக்கென்று நிற்பது 21 லட்சம். கடன் 20 ஆண்டுகளுக்கு, வட்டி 8.5 விழுக்காடு, அதாவது லட்சத்துக்கு மாதம் ஏறக்குறைய 868 ரூபாய் தவணை. கீழே வரும் விலைகள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் பகுதிக்கு ஏற்ப எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் எந்தச் செலவு இனத்தையும் விட்டுவிடாதீர்கள்.

மூன்று வழிகளுக்கும் பொதுவான ஒரு விதி உண்டு. ரிசர்வ் வங்கியின் நெறிப்படி 30 லட்சம் வரையான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 விழுக்காடும், 30 முதல் 75 லட்சம் வரை 80 விழுக்காடும், அதற்கு மேல் 75 விழுக்காடும்தான் உச்ச வரம்பு. 10 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் அந்த மதிப்பில் சேராது. ஆகவே பத்திரச் செலவு முழுவதும் கைக்காசு.

முதல் வழி, கட்டி முடியாத புது ஃபிளாட். 1,000 சதுர அடி, விலை 60 லட்சம். ஜிஎஸ்டி 5 விழுக்காடு, 3 லட்சம். 2023 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் புது அடுக்குமாடிக் குடியிருப்புகளை, நிலத்தின் பிரிக்கப்படாத பாகத்துக்கும் (எல்லா வீட்டாருக்கும் பொதுவான நிலத்தில் நம் பங்கு) கட்டடத்துக்கும் சேர்த்துக் கூட்டு மதிப்பில் பதிய வேண்டும். 50 லட்சம் வரை தீர்வையும் கட்டணமும் சேர்ந்து 6 விழுக்காடு, 50 லட்சம் முதல் 3 கோடி வரை 7 விழுக்காடு, அதற்கு மேல் 9. நம் ஃபிளாட்டுக்கு 4.2 லட்சம். மின் இணைப்பு, குடிநீர் வைப்புத்தொகை, பராமரிப்பு முன்பணம், வக்கீல் என்று 2.5 லட்சம், அலமாரி, சமையலறை வேலை, கிரில், மின்விசிறி என்று 4 லட்சம். மொத்தம் 73.7 லட்சம், வங்கிக் கடன் 48 லட்சம், கைக்காசு 25.7 லட்சம். குடியேறிய பின் மாதத் தவணை சுமார் 41,650.

இதோடு கணக்கு முடிவதில்லை. சாவி கைக்கு வர இரண்டு ஆண்டாகும் என்றால் வாடகை மட்டும் 3.6 லட்சம். வங்கி கட்டம் கட்டமாக விடுவிக்கும் பணத்துக்கு வட்டியும் ஓடும். சராசரியாகப் பாதித் தொகை வெளியே நின்றதாகக் கொண்டால் இரண்டு ஆண்டில் ஏறத்தாழ 4 லட்சம். முழுக் கடனும் வெளியான கடைசி மாதங்களில் 34,000 வட்டியும் 15,000 வாடகையும் சேர்ந்து, குடியேறாத வீட்டுக்காக மாதம் 49,000 போகும். அங்கேதான் குடும்பங்கள் திணறுகின்றன. ஒப்படைப்பு தாமதமானால் இந்தச் செலவு மட்டும் நீண்டுகொண்டே போகும். வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் 2016ஆம் ஆண்டின் ரெரா சட்டம் தாமதத்துக்கு வட்டி கேட்கும் உரிமையைத் தருகிறது. வாங்குபவர்களிடம் பெறும் தொகையில் 70 விழுக்காட்டைத் தனிக் கணக்கில் வைக்கச் சொல்கிறது. பதிவான ஒப்பந்தம் இல்லாமல் 10 விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. ஒப்படைத்த ஐந்து ஆண்டுக்குள் வரும் கட்டமைப்புக் குறைகளைக் கட்டியவரே சரிசெய்ய வேண்டும். இவை பெரிய பாதுகாப்புகள். ஆனால் அடுத்த மாத வாடகையை அவை கட்டாது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பணிநிறைவுச் சான்று பெற்ற பின் விற்கப்படும் ஃபிளாட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. கட்டி முடித்து விற்காமல் நிற்கும் ஃபிளாட் சற்றே கூடுதல் விலையில் வந்தாலும், ஜிஎஸ்டி, வாடகை, இடைக்கால வட்டி ஆகிய மூன்றும் மிச்சமாவதால் பெரும்பாலும் அதுவே மலிவாக முடியும்.

இரண்டாவது வழி, பத்து ஆண்டுப் பழைய ஃபிளாட். விலை 50 லட்சம், ஜிஎஸ்டி இல்லை. மேலே சொன்ன குறைந்த வீதம் புது ஃபிளாட்டுக்கு மட்டும் என்பதால் பத்திரச் செலவு 9 விழுக்காடு, 4.5 லட்சம். தரகு அரை லட்சம், குழாய் மாற்றம், வண்ணம், மின்வயர் வேலைகளுக்கு 3 லட்சம். மொத்தம் 58 லட்சம். இதில் ஒரு சிக்கல், வங்கியின் மதிப்பீட்டாளர் கட்டடத்தின் வயதைப் பார்த்து 46 லட்சம் என்று எழுதினால், விலை எதுவானாலும் அந்த 46இல் 80 விழுக்காடுதான் கடன்: 36.8 லட்சம். கைக்காசு 21.2 லட்சம், தவணை சுமார் 31,900. இரண்டாம் மாதமே வாடகை நிற்கும்.

மூன்றாவது வழியைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனெனில் நாங்கள் போனது அந்த வழியில். வண்டலூரைத் தாண்டி அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி மனை, 30 லட்சம். பத்திரம் 9 விழுக்காடு, 2.7 லட்சம். 1,100 சதுர அடி வீடு, சதுர அடிக்கு 2,400 வீதம் 26.4 லட்சம். பெரும்பாலான குடும்பங்கள் இந்த இடத்தில் கூட்டி நிறுத்திவிடுகின்றன.

எங்களுக்கு வந்த கான்ட்ராக்ட் கொட்டேஷன் நான்கு பக்கம். கம்பி எந்த கம்பெனி, சிமென்ட் எந்த கம்பெனி, டைல்ஸ் சதுர அடிக்கு எவ்வளவு என்று விரிவாக இருந்தது. கடைசிப் பக்கத்தின் கடைசி வரியில் "போர், சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்டு சுவர், கேட், மண் நிரப்புதல் தனி" என்று மட்டும் இருந்தது. அந்த ஒரு வரிக்கு இன்றைய கணக்கில் அனுமதிக் கட்டணம், மின் இணைப்பு உட்பட 6 லட்சமாவது வைக்க வேண்டும். எங்கள் தெருவில் சாலை மனையைவிட உயரம். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்கள் நாங்கள் என்பதால், பேஸ்மட்டத்தை (வீட்டின் தரைமட்டத்தை) ஒன்றரை அடி கூடுதலாக உயர்த்தச் சொன்னோம். நிரப்பு மண் மட்டும் ஒன்பது லோடு கூடுதலாக இறங்கியது. இதுபோன்றவற்றுக்காகக் கட்டுமானச் செலவில் பத்தில் ஒரு பங்கு, 2.6 லட்சம், தனியே இருக்க வேண்டும். உள்வேலைக்கு 4 லட்சம். பூமி பூஜை, நிலைவாசல் வைக்கும் நாளில் கொத்தனாருக்கு வேட்டி துண்டு, கான்கிரீட் போடும் நாளில் எல்லோருக்கும் சாப்பாடு ஆகியவையும் செலவுதான். அவற்றைக் குறைக்கச் சொல்ல மாட்டேன், கணக்கில் எழுதச் சொல்கிறேன்.

மொத்தம் 71.7 லட்சம், புது ஃபிளாட்டைவிட 2 லட்சம் குறைவு. சித்தப்பா சொன்னது சரி. ஆனால் மனைக்கு வங்கி 70 விழுக்காடு, கட்டுமானத்துக்கு 80 விழுக்காடு தந்தால் கடன் 42.1 லட்சம்தான். காம்பவுண்டு சுவரும் மண்ணும் பெரும்பாலும் வங்கியின் மதிப்பீட்டுக்குள் வருவதில்லை. ஆக, கைக்காசு 29.6 லட்சம். மூன்று வழிகளில் மொத்தத்தில் நடுவில் இருப்பது, கைக்காசில் முதலிடத்துக்கு வந்துவிடுகிறது.

பணம் வரும் வரிசையும் இங்கே எதிராக நிற்கிறது. பேஸ்மட்டம், லிண்டல் (வாசல், ஜன்னல்களுக்கு மேல் வரும் கான்கிரீட் பட்டை), ரூஃப், பூச்சு என்று ஒவ்வொரு கட்டமும் முடிந்த பிறகு பொறியாளர் பார்த்துச் சான்று தந்தால்தான் வங்கி பணம் விடும். கான்ட்ராக்டரோ ஒவ்வொரு கட்டமும் தொடங்கும் முன்பே கேட்பார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. கம்பியும் ஜல்லியும் கடனுக்கு வராது. எப்போதும் ஒரு கட்டத்தின் பணம், நான்கைந்து லட்சம், நம் கையில் இருந்தால்தான் வேலை நிற்காது. எங்கள் வீடு லிண்டல் மட்டத்தில் மூன்று வாரம் நின்றது. மனைவியின் இரட்டைவடச் சங்கிலி அடகுக்குப் போன பிறகுதான் ரூஃப் சென்ட்ரிங் (கூரைக் கான்கிரீட்டைத் தாங்கும் பலகை) ஏறியது. சங்கிலியை மீட்கப் பதினான்கு மாதம் ஆயிற்று.

இந்த வழிக்கும் நல்ல செய்திகள் உண்டு. 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடிக்குள்ளான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்று முறையில் ஆன்லைனில் உடனடி அனுமதி கிடைக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்டுக்கான ஜிஎஸ்டி 28இலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. ஊரில் பிதுரார்ஜித மனை இருப்பவர்களுக்கு மேலே உள்ள 32.7 லட்சம் அப்படியே நீங்கிவிடும். அவர்கள் தயங்காமல் கட்டலாம்.

மனை இல்லாத, 21 லட்சம் கையில் உள்ள நம் குடும்பத்துக்கு நான் பழைய ஃபிளாட்டைத்தான் சொல்வேன். 31,900 தவணையில், இன்று கட்டும் வாடகையைக் கழித்தால் கூடுதல் சுமை மாதம் 17,000க்குள் நிற்கும். தனி வீடுதான் வேண்டும் என்று மனம் உறுதியாக இருந்தால், இன்னும் 9 லட்சத்தோடு ஒரு கட்டத்துக்கான பணமும் சேரும் வரை வாடகை வீட்டிலேயே இருக்கலாம், அதில் குறைவொன்றும் இல்லை. பழைய ஃபிளாட் பார்க்கப் போகிறவர்கள் மழைக்காலத்தில் போக வேண்டும். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள தளம் என்றால் கூரையில் கசிவின் மஞ்சள் வளையம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பத்திரத்தில் பிரிக்கப்படாத பாகம் எத்தனை சதுர அடி என்பதைப் படிக்க வேண்டும். விற்பவர் சொல்லும் பரப்பளவை நம்பாமல், டேப்பைக் கொண்டுபோய் ஒவ்வொரு அறையையும் சுவருக்குச் சுவர் அளந்து எழுதிக்கொண்டு வந்து, அதன் பிறகு விலை பேசுங்கள்.