முதுகுத்தண்டு தண்ணிக்கான 14 கிருமி பேனல் டெஸ்ட் - ரெண்டு வருஷம் யூஸ் பண்ணிட்டு எழுதுறேன்

காய்ச்சல் வார்டுல டாக்டரா இருக்கேன். காய்ச்சலோட நினைவு தப்பி வர்றவங்க, பிட்ஸ் வந்து தூக்கிட்டு வர்றவங்கன்னு தினம் யாராச்சும் இருப்பாங்க. இந்த மூளைக்காய்ச்சல் பிசிஆர் பேனல் (ஒரே தடவைல 14 கிருமியோட மரபணுவ தேடுற டெஸ்ட்) எங்க லேபுக்கு வந்து ரெண்டு வருஷம் ஆச்சு, வாங்கலாமான்னு நிறைய பேர் கேக்குறாங்க.

நல்லத முதல்ல சொல்லிடுறேன். முதுகுல ஊசி போட்டு எடுக்குற தண்ணி 200 மைக்ரோலிட்டர் போதும், அதாவது நாலு சொட்டு, ஒரு மணி நேரத்துல ரிசல்ட். 6 பாக்டீரியா, 7 வைரஸ், கிரிப்டோகாக்கஸ்னு ஒரு பூஞ்சை, இவ்ளோதான் அந்த 14. வெளிய எங்கயோ ரெண்டு நாள் ஆன்டிபயாடிக் போட்டுட்டு நம்மகிட்ட வர்ற பேஷன்டுக்கு கல்ச்சர்ல, அதாவது கிருமிய வளத்துப் பாக்குற டெஸ்ட்ல, ஒண்ணும் வளராது, ஆனா செத்த கிருமியோட டிஎன்ஏ இதுல மாட்டும், அந்த ஒரு விஷயத்துக்கே இத கும்பிடலாம். மெஷின்ல ஒரு நேரத்துல ஒரு சாம்பிள்தான் ஓடும், அது சின்ன குறை.

பெரிய குறை அந்த லிஸ்ட்தான். டிபி இல்ல, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இல்ல, டெங்கு, ஸ்க்ரப் டைபஸ் (சின்ன பூச்சி கடிச்சு வர்ற காய்ச்சல்), டாக்ஸோங்குற ஒட்டுண்ணி எதுவும் இல்ல. மலேரியா ரத்தத்துல பாக்க வேண்டியது, அதுவும் இதுல வராது. இந்த நோயெல்லாம் எப்பவும் சுத்திக்கிட்டு இருக்குற இடத்துல வேலை பாக்குறவங்களுக்கு முக்கால்வாசி சந்தேகமே இந்த லிஸ்டுக்கு வெளியதான் இருக்கு. ஆனா ரிப்போர்ட்ல 14 வரியும் நெகட்டிவ்னு பாத்ததும் மனசு தானா ரிலாக்ஸ் ஆயிடுது.

நெகட்டிவ விட என்ன பயமுறுத்தினது ஒரு பாசிட்டிவ். மூணு வாரமா தலைவலி, லேசா காய்ச்சல்னு ஒருத்தர் வந்தார், பேனல்ல எச்எச்வி-6ங்குற ஹெர்பிஸ் வகை வைரஸ் பாசிட்டிவ். அப்பாடா கிடைச்சிருச்சுன்னு அதுக்கு மருந்து ஆரம்பிச்சோம், நானும் முழுசா நம்பினேன். நாலாம் நாள் காலைல ரவுண்ட்ஸ்ல "சார், நீங்க ரெண்டு பேரா தெரியுறீங்க"ன்னார். பக்கத்துல போய் பாத்தா இடது கண்ணு வெளிப்பக்கம் திரும்பவே இல்ல, கண்ண வெளிப்பக்கம் திருப்புற ஆறாவது நரம்பு போயிருக்கு. உடனே ஸ்கேன் பாத்துட்டு திரும்ப முதுகுல ஊசி போட்டோம், அந்த தண்ணியோட பிரஷர் ரொம்ப அதிகம், இந்த தடவ 10 மில்லி எடுத்தோம். ஸ்டாண்டுல கொஞ்ச நேரம் வச்ச டியூப்ல சிலந்தி வலை மாதிரி மெல்லிசா ஆடை கட்டிருந்துச்சு. அது டிபி மூளைக்காய்ச்சல்ல வர்ற அடையாளம், பாத்ததுமே எனக்கு வயித்த கலக்கிருச்சு. டிபி கிருமியோட மரபணுவ தேடுற அல்ட்ரா டெஸ்ட்ல பாசிட்டிவ், அதோட விடாம கிரிப்டோகாக்கஸ் பூஞ்சைய கண்டுபிடிக்கிற 10 நிமிஷ கிரிப்டோ ஸ்ட்ரிப் போட்டோம், அதுவும் பாசிட்டிவ், எச்ஐவியும் பாசிட்டிவ். முதல் நாளே அனுப்பிருக்க வேண்டிய எச்ஐவி டெஸ்ட், அனுப்பல. கிரிப்டோகாக்கஸ் பேனல்லயே இருக்குற கிருமி, நெகட்டிவ்னு காட்டிருந்துச்சு.

எச்எச்வி-6 விஷயம் என்னன்னா, சுமார் 100 பேர்ல ஒருத்தருக்கு அந்த வைரஸ் பிறவிலயே குரோமோசோம்ல ஒட்டியிருக்கும், தண்ணில வெள்ளை அணுக்கள் இருந்தாலே பாசிட்டிவ் அடிக்கும், நோயோட அதுக்கு சம்பந்தமே இல்லாம இருக்கலாம். மலேரியாவும் இப்படித்தான், பரவல் அதிகமா உள்ள இடத்துல கோமால இருக்குற குழந்தைக்கு ரத்தத்துல கிருமி இருந்தா அதுதான் காரணம்னு முடிவு கட்ட முடியாது, கண்ணுக்குள்ள லைட் அடிச்சு விழித்திரைல வெள்ளைத் திட்டு, நிறம் மாறின ரத்தக்குழாய் இருக்கான்னு பாக்கணும். குணமான பிறகும் சில மலேரியா ஸ்ட்ரிப்ல வாரக்கணக்குல பாசிட்டிவ் வரும். டெங்குவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலும் ஆன்டிபாடி டெஸ்ட்ல ஒண்ண ஒண்ணு மாத்திக் காட்டும்.

அப்புறம் இந்த நாலு சொட்டு பழக்கம். இது வந்ததுல இருந்து எங்க வார்டுல எல்லாரும் ரெண்டு மில்லிதான் எடுக்குறாங்க, டிபி சந்தேகம்னா 6 மில்லியாவது வேணும், சென்ட்ரிஃபியூஜ்ல சுத்தி அடில தங்குறத எடுத்து போட்டாதான் அல்ட்ராவுல சிக்கும், அப்படியும் நெகட்டிவ் வந்தா டிபி இல்லன்னு ஆயிடாது. இதோட அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடியில துணிய விலக்கி பாருங்க, சிகரெட் சுட்ட மாதிரி கருப்பா ஒரு புண் இருந்தா ஸ்க்ரப் டைபஸ்தான் முதல் சந்தேகம், உடனே டாக்சிசைக்ளின் ஆரம்பிக்கலாம்.

அந்த தலைவலி பேஷன்டுக்கு டிபிக்கும் பூஞ்சைக்கும் சேத்து மருந்து போட்டோம், எச்ஐவி மருந்த வேணும்னே சில வாரம் தள்ளி ஆரம்பிச்சோம், சீக்கிரம் கொடுத்தா மூளைல வீக்கம் கூடிடும். ரெண்டு மாசம் கழிச்சு நடந்தே வீட்டுக்கு போனார், இடது கண்ணு மட்டும் இன்னும் முழுசா சரியாகல.

5க்கு 3 ஸ்டார். எச்ஐவி கிட், கிரிப்டோ ஸ்ட்ரிப், டிபி அல்ட்ரா மூணும் கைல இருக்குற லேப் தாராளமா வாங்கலாம். இல்லன்னா அந்த மூணையும் முதல்ல வாங்குங்க, பேனல் அப்புறம் பாத்துக்கலாம்.