கோல்ஃப் அவுட்ரைட் பெட்: ஃபேவரிட் ஒருத்தரா, நடு விலைல நாலு பேரா, பெரிய விலைல ஈச் வேயா?

வட அயர்லாந்துல ராயல் போர்ட்ரஷ்னு ஒரு கோர்ஸ், கடலோரம். ஆறு வருஷ இடைவெளில அங்க ரெண்டு தடவை ஓபன் சாம்பியன்ஷிப் நடந்துச்சு, 2019-லயும் 2025-லயும். அவுட்ரைட் பெட் எப்படி போடுறதுனு யார் கேட்டாலும் நான் இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுதான் பேச ஆரம்பிப்பேன். 2019-ல ஃபேவரிட் (ஜெயிக்க வாய்ப்பு அதிகம்னு பெட்டிங்ல முதல்ல நிக்கிறவர்) ரோரி மெக்கில்ராய், அந்த மண்ணோட பையன், 16 வயசுல அதே கோர்ஸ்ல 61 அடிச்சவர் (கோல்ஃப்ல ஷாட் எவ்ளோ கம்மியோ அவ்ளோ நல்லது), கூட்டமே அவருக்காக நிக்குது, முதல் டீல (ஹோல் ஆரம்பிக்கிற இடத்துல) அடிச்ச முதல் ஷாட்டே எல்லைக்கு வெளிய போயிருச்சு. அந்த ஒரு ஹோல்லயே 8. நாள் முடியும்போது 79. மறுநாள் உயிரைக் கொடுத்து 65 அடிச்சும் ஒரே ஒரு ஷாட்ல கட் மிஸ், அதாவது கடைசி ரெண்டு நாள் ஆடத் தகுதி கிடைக்கல. கடைசில ஷேன் லோரி 6 ஷாட் வித்தியாசத்துல ஜெயிச்சார். 2025-ல ஃபேவரிட் ஸ்காட்டி ஷெஃப்லர், அவர் 17 அண்டர்ல (கோர்ஸுக்கு வெச்ச கணக்கைவிட 17 ஷாட் கம்மியா) முடிச்சு 4 ஷாட் வித்தியாசத்துல கோப்பையை தூக்கிட்டார், கடைசி நாளான ஞாயித்துக்கிழமை பெருசா பதட்டமே இல்ல.

அதே கோர்ஸ், ரெண்டு தடவையும் ஃபேவரிட் மேல பெட். ஒண்ணு முதல் ஷாட்லயே செத்துச்சு, இன்னொண்ணு கவலையே வைக்கல. என்ன வித்தியாசம்னு கேட்டா என் பதில், 2019-ல மெக்கில்ராய் விலைல (புக்கி, அதாவது பெட் வாங்குறவர், தர்ற ரேட்ல) திறமையோட சேர்த்து ஜனங்களோட பாசமும் கலந்திருந்துச்சு. எல்லாரும் ஆசைப்பட்டு ஒருத்தர் மேலயே காசு போட்டா விலை சுருங்கும், ஆனா அவர் ஜெயிக்கிற வாய்ப்பு அதனால ஒரு துளி கூட ஏறாது.

புதுசா வர்றவங்களுக்கு ஒரு வரி. அவுட்ரைட்னா டூர்னமெண்ட்ல முழுசா யார் ஜெயிப்பார்னு போடுற பெட். ஓபன்ல 156 பேர், 4 நாள், 72 ஹோல், பாதிப்பேர் ரெண்டு நாள்லயே கட் ஆகி வீட்டுக்குப் போயிடுவாங்க. அதனால நல்லா யோசிச்சுப் போட்டாலும் பெரும்பாலான வாரம் தோக்கத்தான் செய்வோம், இதை மனசுல ஏத்திக்கிட்டு, மொத்தமா போனாலும் வீட்ல எதுவும் குறையாதுங்கிற தொகையை மட்டும்தான் எடுத்து வைக்கணும். அந்தத் தொகையை 10 யூனிட்னு வெச்சுக்குவோம். இந்த 10-ஐ எப்படிப் பிரிக்கிறதுங்கிறதுதான் கேள்வி, ஆள் யாருங்கிறது அதுக்கு அப்புறம்தான்.

முதல் வழி, 10-ஐயும் ஃபேவரிட் மேலயே வைக்கிறது. விலை 1-க்கு 4-னா (1 போட்டு ஜெயிச்சா 4 லாபம், போட்ட 1-ம் திரும்ப வரும்) அவர் அஞ்சு தடவைல ஒரு தடவையாவது ஜெயிச்சாத்தான் கையில காசு தங்கும், அதாவது 20 சதவீதம். கோல்ஃப்ல 20 சதவீதம்ங்கிறது சாதாரண விஷயமே இல்ல. 2000-ல டைகர் வுட்ஸ் பிஜிஏ டூர்ல (அமெரிக்காவோட பெரிய தொழில்முறை டூர்) 20 டூர்னமெண்ட் ஆடி 9 ஜெயிச்சார், யூஎஸ் ஓபனை 15 ஷாட் வித்தியாசத்துல எடுத்தார். 2024-ல ஷெஃப்லர் 19-ல 7. இந்த மாதிரி ஒரு ஆள் ஒரு சீசன்ல இருந்தா 1-க்கு 4 கூட நல்ல விலைதான், சின்ன விலைனு ஒதுக்கக் கூடாது. நம்மாட்கள் நிறைய பேர் இங்க தப்பு பண்றாங்க, "இவ்ளோ கம்மியா கிடைக்குதே"னு விட்டுட்டு வேற ஒருத்தர் மேல போட்டு வருஷம் பூரா அவர் ஜெயிக்கிறதை வேடிக்கை பாக்குறாங்க. ஆனா அந்த ரேஞ்சுல ஆள் இல்லாத வாரத்துல, சும்மா லிஸ்ட்ல மேல இருக்கிறதனாலயே ஒருத்தர் 1-க்கு 8-ல நிப்பார் பாருங்க, அதுதான் ஆபத்து. அதுக்கு ஒம்பதுல ஒண்ணு ஜெயிக்கணும், பெரிய பெரிய பிளேயர்களே வருஷத்துல ரெண்டு கோப்பை வாங்கினா பெரிய விஷயம்.

அப்புறம் ஒருத்தரையே நம்பினா அவருக்கு வர்ற கெட்ட நேரம் முழுசும் நமக்குத்தான். 2002-ல மாஸ்டர்ஸ், யூஎஸ் ஓபன் ரெண்டையும் ஜெயிச்சுட்டு மியூர்ஃபீல்டுல நடந்த ஓபனுக்கு வந்த டைகர், சனிக்கிழமை மழையும் காத்தும் சுழட்டி அடிச்சதுல 81 அடிச்சார். 2017 மாஸ்டர்ஸுக்கு வரிசையா மூணு டூர்னமெண்ட் ஜெயிச்சுட்டு வந்த நம்பர் ஒன் டஸ்டின் ஜான்சன், ஆரம்பிக்கிறதுக்கு முந்தின நாள் தங்கியிருந்த வீட்டுப் படில விழுந்து முதுகுல அடிபட்டு ஒரு ஷாட் கூட ஆடாம விலகிட்டார்.

ரெண்டாவது வழி, 1-க்கு 20-ல இருந்து 50 வரைக்கும் உள்ள ஆளுங்கள்ல மூணு நாலு பேரை எடுத்து பிரிச்சுப் போடுறது. என் மனசு அதிகமா இங்கதான் நிக்குது. காரணம் இருக்கு. இந்த இடத்துல இருக்கிறவங்க எல்லாருமே ஜெயிக்கத் தகுதியானவங்க, ஆனா புக்கி ஒவ்வொருத்தரையும் அந்த குறிப்பிட்ட கோர்ஸோட பொருத்திப் பாத்து விலை வெக்கிறதுல கொஞ்சம் சோம்பேறித்தனம் இருக்கும், நாம வேலை பாத்தா பலன் கிடைக்கிற இடம் இதுதான். மாத்யூ ஃபிட்ஸ்பேட்ரிக் 2022-ல யூஎஸ் ஓபன் ஜெயிச்சார்ல, புரூக்லைன்ல. அதே கோர்ஸ்லதான் 2013-ல அவர் யூஎஸ் அமெச்சூர் பட்டத்தை வாங்கினார், ஒவ்வொரு கிரீனும் (குழி இருக்கிற புல்தரை) அவருக்குத் தெரியும். ஹிடெக்கி மாட்சுயாமா 2021-ல மாஸ்டர்ஸ் ஜெயிச்சார், 2011-லயே அமெச்சூரா அகஸ்டாவுக்கு (மாஸ்டர்ஸ் நடக்குற கோர்ஸ்) வந்து அமெச்சூர்களுக்குள்ள முதல் ஆளா முடிச்சவர். இதெல்லாம் யாரும் ஒளிச்சு வெச்ச ரகசியம் இல்ல, தேடினா பத்து நிமிஷத்துல கிடைக்கும்.

இன்னொண்ணு, போன வாரம் ஸ்கோர் என்னனு மட்டும் பாக்காதீங்க, அந்த ஸ்கோர் எதுல இருந்து வந்துச்சுனு பாருங்க. கொலம்பியா யுனிவர்சிட்டி பேராசிரியர் மார்க் பிராடி உருவாக்கின ஸ்ட்ரோக்ஸ் கெயின்ட் கணக்கு ஒவ்வொரு ஷாட்டையும் மத்தவங்க சராசரியோட ஒப்பிட்டு டீ ஷாட்ல எவ்ளோ லாபம், அப்ரோச்ல (கிரீனை நோக்கி அடிக்கிற ஷாட்ல) எவ்ளோ, கிரீனைச் சுத்தி எவ்ளோ, புட்டிங்ல (கிரீன்ல பந்தை குழிக்குள்ள உருட்டுறதுல) எவ்ளோனு தனித்தனியா காட்டும். புட்டிங்ல ஒரு வாரம் எல்லாமே உள்ள விழும், அடுத்த வாரம் எதுவுமே விழாது, அதை நம்பி காசு போடக் கூடாது. அப்ரோச் நல்லா இருக்கிறது கொஞ்ச நாள் கூடவே இருக்கும். அதனால போன மூணு நாலு டூர்னமெண்ட்ல அப்ரோச்ல மேல இருந்து, புட்டிங் மோசமா போனதால 20-வது 30-வது இடத்துல முடிச்சிருப்பார் ஒருத்தர், அவர் விலை இன்னும் இறங்காம கிடக்கும். நான் தேடுறது அந்த ஆளைத்தான். காலின் மொரிக்காவா 2021-ல முதல் தடவையா ஓபன் ஆட வந்து அப்பவே ஜெயிச்சாரே, அந்த வருஷம் பூரா ஊரே பேசினது அவரோட அயர்ன் ஷாட்டைத்தான், அப்ரோச்ல பெரும்பாலும் அடிக்கிறது அதுதான்.

கணக்கும் பாருங்க. நாலு பேர், ஆளுக்கு 1-க்கு 30, தலைக்கு 2.5 யூனிட். யாராவது ஒருத்தர் ஜெயிச்சா கைக்கு 77.5 வரும், நாலு பேரும் சேர்ந்து 13 சதவீத வாய்ப்பு இருந்தாப் போதும். 1-க்கு 8 ஃபேவரிட் ஒத்த ஆளா கேக்குற 11 சதவீதத்துக்கு கிட்டத்தட்ட பக்கம். ஆனா முதுகுவலியோ காத்தோ ஒருத்தரைத் தூக்கினா மீதி மூணு பேர் ஆட்டத்துல இருப்பாங்க.

மூணாவது, 1-க்கு 60-க்கு மேல உள்ளவங்க மேல ஈச் வே. ஸ்டேக்ல (போடுற காசுல) பாதி ஜெயிக்கிறதுக்கு, பாதி முதல் அஞ்சு இடத்துக்குள்ளயோ எட்டு இடத்துக்குள்ளயோ வர்றதுக்கு, இடத்துக்கு விலைல அஞ்சுல ஒரு பங்கு. 1-க்கு 60 ஆள் மேல 10 போட்டு அவர் தனியா நாலாவது வந்தா, ஜெயிக்கிற பாதி 5 போச்சு, இடத்துக்கு 1-க்கு 12, ஸ்டேக்கோட சேர்த்து 65 கைக்கு வரும். கேக்க நல்லா இருக்கு. ஆனா டெட் ஹீட் ரூல், சமமா முடிச்சவங்களுக்கு காசைப் பிரிக்கிற விதி, இருக்கே, அதைப் படிக்காம யாரும் இறங்காதீங்க. திரும்ப 2025 போர்ட்ரஷ்க்கே வாங்க: ரெண்டாவது ஹாரிஸ் இங்கிலிஷ், மூணாவது கிறிஸ் காட்டரப், நாலாவது இடத்துல விண்டம் கிளார்க், ஃபிட்ஸ்பேட்ரிக், லீ ஹாவ்டாங் மூணு பேரும் சமம். அஞ்சு இடம் மட்டும் குடுக்குற பெட்டா இருந்தா மூணு பேருக்கு ரெண்டு இடம்தான் மிச்சம், ஸ்டேக்ல மூணுல ரெண்டு பங்குக்குத்தான் காசு, 65 வர வேண்டியது 43 சொச்சம் ஆயிரும். எட்டு இடம் குடுக்குற பெட்டா இருந்தா முழுசா வந்திருக்கும். கோல்ஃப்ல இப்படி சமமா முடிக்கிறது ஒவ்வொரு வாரமும் நடக்குது. அதனால விலை கொஞ்சம் கம்மியானாலும் இடம் அதிகமா குடுக்குறதைத்தான் நான் எடுப்பேன். ஒரு தடவை விலைக்கு ஆசைப்பட்டு அஞ்சு இடத்துல போட்டு, என் ஆள் ஆறாவதா முடிச்சு, அந்த வாரம் பூரா எனக்கு மனசே சரியில்ல.

பெரிய விலைனா கண்ணை மூடிக்கிட்டு எடுக்கிறதுனு நினைக்கிறாங்க, அதுதான் வருத்தமா இருக்கு. காட்டரப் அந்த ஓபனுக்கு முந்தின வாரம்தான் ஸ்காட்டிஷ் ஓபன் ஜெயிச்சுட்டு வந்தார். கிளார்க் 2023-ல லாஸ் ஏஞ்சலஸ்ல யூஎஸ் ஓபன் ஜெயிக்கிறதுக்கு முந்தின மாசம் குவெயில் ஹாலோ கோர்ஸ்ல நடந்த டூர்னமெண்ட்டை ஜெயிச்சிருந்தார். 2025-ல ஓக்மாண்ட்ல யூஎஸ் ஓபன் வாங்கின ஜே.ஜே. ஸ்பான், அந்த மார்ச்லதான் பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப்ல மெக்கில்ராய் கூட பிளேஆஃப் (சமமா முடிஞ்சா ஜெயிச்சவரை முடிவு பண்ற கூடுதல் ஆட்டம்) வரைக்கும் போய் தோத்தார். சிக்னல் இருந்துச்சு, பேர் பெருசா இல்லாததால விலை இறங்கல, அவ்ளோதான். உலக வரிசைல 396-ல இருந்த பென் கர்டிஸ் 2003-ல ஓபன் ஜெயிச்ச மாதிரி ஒண்ணை மட்டும் யாரும் முன்கூட்டி பிடிக்க முடியாது, அதுக்குப் பின்னாடி ஓடாதீங்க.

இந்த மூணுல எதுன்னா, டூர்னமெண்ட் எதுங்கிறதைப் பாத்துதான் சொல்லுவேன். மாஸ்டர்ஸ்ல ஆளே 100-க்குக் கம்மி, அதுலயும் பழைய சாம்பியன்கள், அமெச்சூர்கள், முதல் தடவை வர்றவங்கனு நிறைய பேரை ஓரம் கட்டிடலாம், முதல் தடவையே ஆடி ஜெயிச்ச கடைசி ஆள் 1979-ல ஃபஸி ஸெல்லர். வருஷா வருஷம் அதே கோர்ஸ், அனுபவம் எடுபடுது. அங்க ஃபேவரிட்டும் நடு விலையும்தான், பெரிய விலைல நான் கை வெக்க மாட்டேன். 2016-ல ஜோர்டன் ஸ்பீத் ஞாயித்துக்கிழமை 5 ஷாட் முன்னாடி இருந்துட்டு 12-வது ஹோல்ல ரெண்டு தடவை தண்ணில போட்டு 7 எடுத்து, டேனி வில்லட் ஜெயிச்ச மாதிரி நடக்கும்தான். வில்லட் அப்பவே உலக வரிசைல முன்னாடி இருந்தவர், வானத்துல இருந்து குதிக்கல.

ஓபன் அப்படியே நேர் எதிர். கோர்ஸ் மாறுது, காத்து மாறுது, எல்லாரும் ஒரே டீல இருந்து காலைல தொடங்கி சாயங்காலம் வரைக்கும் கிளம்புறாங்க, காலைல ஆடினவங்களுக்கு அமைதியான காத்து, மதியத்துக்கு மேல புயல்னு ஆனா பாதி ஃபீல்டோட வாய்ப்பு அவங்க தப்பே இல்லாம போயிரும். இங்க ஈச் வேக்கு மதிப்பு ஜாஸ்தி, அதுலயும் ஷெஃப்லர் மாதிரி ஒருத்தர் மார்க்கெட்டையே விழுங்கி நிக்கும்போது மத்தவங்க விலை எல்லாம் பெருகிக் கிடக்கும். அவரை நீக்கிட்டு மீதிப்பேர்ல யார் முதல்னு தனியா ஒரு மார்க்கெட் கிடைச்சா அதையும் பாருங்க, 2025-ல அப்படிப் பாத்தா ஜெயிச்சது ஹாரிஸ் இங்கிலிஷ்.

அதனால ஓபனுக்கு என் பிரிப்பு இது: நடு விலைல ரெண்டு பேருக்கு தலா 2.5, பெரிய விலைல எட்டு இடம் ஈச் வே ரெண்டு பேருக்கு ஆளுக்கு 1.5, மிச்சம் 2-ஐ கையிலேயே வெச்சுக்கிட்டு டீ டைம் (யார் எப்ப ஆட ஆரம்பிக்கிறாங்கனு) அறிவிச்சு, புதன்கிழமை ராத்திரி காத்து நிலவரத்தையும் பாத்துட்டு, காத்து கம்மியான நேரம் கிடைச்சிருக்கிற ஆள் மேல போடுவேன். ஃபேவரிட்டுக்கு இந்த லிஸ்ட்ல இடம் வேணும்னா, அந்த சீசன்ல அவர் ஆடினதுல நாலுல ஒண்ணாவது ஜெயிச்சிருக்கணும்.