‘தேயிலை மானிய நிலுவை’ என்று ஃபார்வர்டு ஆகும் மெயிலை நம்பிப் பணம் கட்டாதீர்கள்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். எங்கள் வீட்டுப் பணம் 4,720 ரூபாய் போய்விட்டது. கிலோவுக்கு 20 ரூபாய் கிடைத்தாலும் 236 கிலோ பச்சை இலை போட்டால்தான் அந்தக் காசு.

நடந்தது பஜாரில் ஜெராக்ஸ் எடுத்து, ஆன்லைன் விண்ணப்பமும் போட்டுத் தரும் ஒரு கடையில். பெயர் சொல்லவில்லை. “பச்சைத் தேயிலை விலை நிலுவை மானியம், பதிவுக் கட்டணம் 4,720 ரூபாய்” என்று மெயில். தேயிலை வாரியத்தின் பெயர், சிங்க முத்திரை, வரிசை எண் எல்லாம் கச்சிதம். “இது நிஜமா?” என்று கேட்டதற்கு, கடைக்காரர் மானிட்டரைத் திருப்பி ஃப்ரம் என்ற வரியை விரல் வைத்துக் காட்டினார். முகவரி ஜிஓவி டாட் இன் என்று முடிந்தது. “வாட்ஸப் வதந்தி இல்லண்ணா, கவர்மெண்ட் மெயில்” என்றார். அந்த ஒரு வரியை நம்பித்தான் பணம் கைமாறியது.

அந்த வரிக்கு எந்த மதிப்பும் கிடையாது! சாதாரணமாக ஃபார்வர்டு செய்தால் அசல் மெயிலின் ஹெட்டர் (யார், எந்த சர்வர் வழியாக அனுப்பினார் என்ற பதிவு) கூடவே வராது. ‘ஃபார்வர்டட் மெசேஜ்’ என்பதற்குக் கீழே இருக்கும் ஃப்ரம், தேதி, சப்ஜெக்ட் எல்லாம் வெறும் டைப் செய்த எழுத்து. அனுப்புகிறவன் அழித்துவிட்டு எதை வேண்டுமானாலும் போடலாம். கம்ப்யூட்டரில் ஜிமெயிலின் மூன்று புள்ளியை அழுத்தி ‘ஷோ ஒரிஜினல்’ பார்த்தால் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் (அனுப்புநர் முகவரி நிஜமா என்று பார்க்கும் சோதனைகள்) மூன்றும் ‘பாஸ்’ என்று காட்டும். அதிலும் ஏமாறாதீர்கள். அந்த பாஸ் கடைசியாக ஃபார்வர்டு செய்தவரின் கணக்குக்கு, முதலில் எழுதியவனுக்கு அல்ல. சோதிக்க வேண்டுமானால் ‘ஃபார்வர்டு அஸ் அட்டாச்மென்ட்’ முறையில் அனுப்பச் சொல்லுங்கள். அப்போதுதான் அசல் ஹெட்டரோடு இஎம்எல் கோப்பாக (மெயில் முழுசாக அடங்கிய கோப்பு) வரும். அந்த ஹெட்டரில் டிகேஐஎம் சிக்னேச்சர் என்ற வரியில் ‘டி=’ என்பதை ஒட்டி இருக்கும் டொமைனின் (அனுப்பிய இணையதளப் பெயர்) கடைசிப் பகுதியைப் பாருங்கள். நடுவில் ஜிஓவி இருந்து, முடிவில் டாட் காம் வந்தால் அரசு மெயில் இல்லை.

அப்படி அனுப்பச் சொன்னபோதுதான் கடைக்காரர் வாயில் உண்மை வந்தது: “எங்களுக்கும் யாரோ ஃபார்வர்டு பண்ணினதுதான்.” அதுவரை அவர் சொன்னதெல்லாம், சர்வர் டவுன், திங்கட்கிழமை வாங்க. பணம் அனுப்பிய ஆப்பின் உதவி எண்ணில், நீங்களே பின் போட்டீர்கள், ஒன்றும் செய்ய முடியாது. வங்கிக்குப் போனால், ஆப்பிலேயே புகார் கொடுங்கள். 4,720 ரூபாய்க்கா இவ்வளவு அலைச்சல் என்று கவுண்டரில் ஒருவர் கேட்கிறார். ஆமாம், 4,720 ரூபாய்க்குத்தான்!

என்ன செய்வது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போதைக்கு இவ்வளவுதான். மானியம் தருகிறவர்கள் முன்பணம் கேட்டால் நகர்ந்துவிடுங்கள். கியூஆர் ஸ்கேன் செய்ததும் தனி ஆள் பெயர் வந்தால் பின் போடாதீர்கள். வாரியத்தின் அலுவலகம் குன்னூரிலேயே இருக்கிறது, நேரில் கேளுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அழையுங்கள், யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கோபத்தில் மெயிலை அழித்துவிடாதீர்கள், புகாருக்கு அது வேண்டும்.