நான்கு வாயுக்கள், இரண்டு வெளியீடுகள்: ஆய்வகத்தில் ஒரு டாக் கருவியுடன் சில ஆண்டுகள்

தரமணிப் பக்கம் உள்ள எங்கள் வினையூக்கி ஆய்வகத்தில் நைட்ரஜன், ஹைட்ரஜன், ஹீலியம், கார்பன் டை ஆக்சைடு ஆகியவற்றின் ஓட்டத்தை நான்கு மாஸ் ஃப்ளோ கன்ட்ரோலர்கள் கவனித்துக்கொள்கின்றன. நான்கும் பழைய அனலாக் வகையைச் சேர்ந்தவை. 0 முதல் 5 வோல்ட் வரை மின்னழுத்தம் கொடுத்தால் வால்வு அதற்கேற்பத் திறக்கும். உண்மையில் ஓடும் அளவும் 0 முதல் 5 வோல்ட்டாகவே திரும்பி வரும். இவற்றைக் கணினியோடு இணைக்க லேப்ஜாக் டி7 என்னும், கணினிக்காக மின்னழுத்தத்தைக் கொடுத்தும் அளந்தும் தரும் டேட்டா அக்விசிஷன் (சுருக்கமாக டாக்) கருவியைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறோம்.

விற்பனையாளர்கள் முதலில் பேசுவது பிட் எண்ணிக்கையையும் மாதிரி எடுக்கும் வேகத்தையும் பற்றித்தான். வாயு ஓட்டத்துக்கு இரண்டுமே பெரிய விஷயமில்லை. 12 பிட் வெளியீட்டில் 5 வோல்ட்டை 4096 படிகளாகப் பிரித்தால் ஒரு படி ஏறக்குறைய 1.2 மில்லிவோல்ட், முழு அளவு 100 எஸ்சிசிஎம் (திட்ட நிலையில் நிமிடத்துக்கு இத்தனை கன சென்டிமீட்டர் என்னும் ஓட்ட அலகு) என்றால் அது 0.024 எஸ்சிசிஎம். கன்ட்ரோலரின் துல்லியமே முழு அளவில் ஒரு சதவீதம், அதாவது 1 எஸ்சிசிஎம், என்ற அளவில் இருக்கும்போது 16 பிட்டுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் பயனில்லை. உண்மையில் நெருக்கடி தருவது அனலாக் வெளியீடுகளின் எண்ணிக்கைதான். நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் யுஎஸ்பி-6001, 6008, 6009 ஆகியவற்றிலும் இரண்டுதான்; டி7-இலும் இரண்டுதான். மெஷர்மென்ட் கம்ப்யூட்டிங்கின் யுஎஸ்பி-3101 நான்கு வெளியீடுகள் தரும், ஆனால் அதில் அனலாக் உள்ளீடு கிடையாது. நாங்கள் டி7-உடன் எல்ஜேடிக்-டாக் (LJTick-DAC) என்ற சிறு துணைக்கருவியைச் செருகி, மேலும் இரண்டு வெளியீடுகளைப் பெற்றோம். (அர்டுயினோ போதாதா என்று ஒவ்வோர் ஆண்டும் புதிய மாணவர் ஒருவர் கேட்பார். ஆர்3 வரையிலான ஊனோ பலகைகள் தருவது துடிப்பலை. வடிகட்டிச் சீராக்காமல் அதை செட்பாயின்ட்டாக, அதாவது நாம் கேட்கும் ஓட்ட அளவைச் சொல்லும் மின்னழுத்தமாக, கொடுக்க இயலாது.)

வாங்கும் முன் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி, கணினி நின்றுபோனால் வெளியீடு என்ன ஆகும் என்பது. இரவில் ஓடிக்கொண்டிருக்கும் சோதனையின் நடுவே விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு மறுதொடக்கம் செய்தால், பல டாக் கருவிகள் கடைசியாகக் கொடுத்த மின்னழுத்தத்தை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கும். ஹைட்ரஜனும் கேட்பாரின்றி ஓடிக்கொண்டிருக்கும். டி7-இல் உள்ள வாட்ச்டாக் வசதி, குறிப்பிட்ட நேரத்துக்குள் கணினியிடமிருந்து தொடர்பு வராவிட்டால் வெளியீட்டை நாம் முன்பே சொல்லிவைத்த அளவுக்கு மாற்றிவிடும். ஆனால் அது டி7-இன் சொந்த வெளியீடுகளை மட்டுமே கட்டுப்படுத்தும், துணைக்கருவியை அல்ல. ஆகவே ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் டி7-இலும், ஓடிக்கொண்டே இருந்தாலும் ஆபத்தில்லாத நைட்ரஜனையும் ஹீலியத்தையும் துணைக்கருவியிலும் இணைத்திருக்கிறோம். இத்தனைக்குப் பிறகும் ஹைட்ரஜன் குழாயில் மின்சாரம் நின்றால் தானே மூடிக்கொள்ளும் தனி சோலனாய்டு வால்வு ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஃப்ளோ கன்ட்ரோலரின் வால்வை முழு அடைப்பாக நம்பக் கூடாது.

எங்களை அதிகம் அலைக்கழித்தது கிரவுண்ட் கம்பி. நைட்ரஜனைத் திறந்தால், தொடாத ஹைட்ரஜனின் அளவீடும் சற்று நகரும். காரணம் எளிது. நான்கு கன்ட்ரோலர்களின் 24 வோல்ட் மின்சாரமும் திரும்பி வரும் அதே மெல்லிய கம்பி, சிக்னலுக்கும் காமனாக, அதாவது மின்னழுத்தத்தை அளக்கும் பொதுவான பூஜ்ஜியக் கம்பியாக, இருந்தது. ஒவ்வொன்றும் கால் ஆம்பியர் எடுத்தால் மொத்தம் 1 ஆம்பியர். கம்பியின் தடை 0.1 ஓம் என்றால்கூட 100 மில்லிவோல்ட் பிழை, அதாவது முழு அளவில் 2 சதவீதம். பிட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தவர்களுக்கு இது நல்ல பாடம். மின்சாரத்துக்குத் தடித்த தனிக்கம்பியும், அளவீட்டுக்கு டிஃபரன்ஷியல் இணைப்பும் (இரண்டு உள்ளீடுகளுக்கு இடையிலான வேறுபாட்டை மட்டும் அளப்பது) கொடுத்ததும் ஆட்டம் நின்றது. டி7-இல் 14 அனலாக் உள்ளீடுகள் இருப்பதால் நான்கு ஜோடிகள் போக இன்னும் ஆறு மிச்சம்.

மின்சாரம் போய் ஜெனரேட்டர் எடுக்கும் கணத்தில் யுஎஸ்பி தொடர்பு அறுந்துவிடுவது இங்கே வாடிக்கை. டி7-ஐ ஈதர்நெட்டுக்கு மாற்றி, அதன் 5 வோல்ட் அடாப்டரையும் நெட்வொர்க் சுவிட்சையும் யுபிஎஸ்ஸில் போட்ட பிறகு அந்தத் தொல்லை இல்லை. மென்பொருளுக்குப் பைதானே போதுமாக இருப்பதால் லேப்வியூ உரிமத்துக்குச் செலவிட வேண்டியிருக்கவில்லை. கடற்காற்றில் திருகு முனைகள் பச்சை பூக்கின்றன. மழைக்காலம் முடிந்ததும் அவற்றைக் கழற்றிச் சுத்தம் செய்கிறோம்.

கன்ட்ரோலர்களையே புதிதாக வாங்குபவர்கள் ஆர்எஸ்-485 கம்பி வழியாக மாட்பஸ் என்னும் டிஜிட்டல் தகவல்தொடர்பு முறையில் பேசும் வகையை வாங்கிவிடலாம். ஒரே கேபிளில் பலவற்றைத் தொடுத்துவிடலாம், அனலாக் வெளியீடு பற்றிய கவலையே இராது. பழையவற்றை வைத்துக்கொண்டிருப்பவர்கள் ரிச்சி தெருவில் 15 முள் கனெக்டர் வாங்கப் புறப்படும் முன், தங்கள் மாடலின் முள் வரிசையைக் கையேட்டில் சரிபார்த்துக்கொள்வது நல்லது. கனெக்டர் பார்வைக்கு ஒன்றாக இருந்தாலும், ஒரு நிறுவனத்தின் சிக்னல் முள்ளில் இன்னொரு நிறுவனம் மின்சாரத்தைக் கொடுத்திருக்கக்கூடும்.