பைஆடியோவோடு இரண்டரை வருடம்: கொல்லை கொலையான கதை

பேச்சை எழுத்தாக்கும் வேலைக்கு மைக்கிலிருந்து ஒலியை எடுக்க எதைப் பயன்படுத்துகிறாய் என்று போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார். இரண்டு வரியில் பதில் எழுத உட்கார்ந்தேன், அடங்கவில்லை.

அப்பாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. பழைய ஊர்க்கதைகளை அவர் சொல்லச் சொல்லப் பதிந்து வைக்கவேண்டும். அதற்கு ராஸ்பெர்ரி பை 4 என்ற ஒரு குட்டிக் கணினி, யூஎஸ்பி மைக், பைத்தான் மொழியில் மைக்கின் ஒலியை வாங்கித் தரும் பைஆடியோ என்ற நூலகம். இரவில் மடிக்கணினியில் விஸ்பர் என்ற பேச்சறியும் மென்பொருள் அதை எழுத்தாக்கும்.

பைஆடியோவை நிறுவும்போது, அதன் அடியில் இயங்கும் போர்ட்ஆடியோ என்ற ஒலி நூலகத்தின் கோப்பு இல்லை என்று தகராறு செய்யும். லினக்ஸில் ஒரு தொகுப்பைப் போட்டால் சரி. விஸ்பருக்கு வேண்டியது 16,000 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 16,000 ஒலி மாதிரிகள். என் மைக் தருவது 48,000. நேராக 16,000 கேட்டால் -9997 என்று பிழை வரும். 48,000-இலேயே பதிந்து எஃப்எஃப்எம்பெக் என்ற ஒலி மாற்றும் கருவியில் குறைத்துக்கொள்கிறேன். மூன்று மாதிரிக்கு ஒன்று என்று நாமே பொறுக்கி எடுக்கக்கூடாது. வடிகட்டாமல் குறைத்தால் 8,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுக்கு மேலுள்ள ஒலி கீழே மடிந்து விழுந்து ஸ, ஷ எல்லாம் கெடும்.

இதெல்லாம் ஒரு நாள் வேலை. என்னை ஆறு மாதம் அலைக்கழித்தது வேறு.

அப்பா "கொல்லையில நின்ன வேம்பு" என்று சொன்னார். எழுத்தில் "கொலையில் நின்ற வேம்பு" என்று வந்தது. இன்னொரு நாள் புள்ளி, புளி ஆனது. விஸ்பருக்குத் தமிழ் போதவில்லை என்று முடிவு கட்டி, அதன் ஸ்மால் வடிவத்திலிருந்து பெரிய மீடியத்துக்குப் போனேன். அப்போதும் கொலைதான். கடைசியில் அந்த இடத்தை ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் பெரிதாக்கிப் பார்த்தேன். ல்-லின் நடுவில் அலை செங்குத்தாக வெட்டுப்பட்டு, அடுத்த பக்கம் வேறு உயரத்தில் தொடங்கியது. அப்பா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். நடுவில் ஒலியே காணாமல் போயிருக்கிறது.

காரணம் இதுதான். எடுத்துக்காட்டு நிரல்களில் வரும், ஒரு தடவைக்கு 1024 மாதிரிகள் என்ற துண்டு 48,000-இல் வெறும் 21 மில்லிநொடி. அதை வாங்கி மெமரி கார்டில் எழுதிவிட்டுத்தான் என் நிரல் அடுத்த துண்டைக் கேட்கும். கார்டு கொஞ்சம் திணறினால், ஒலி காத்திருக்கும் தற்காலிக நினைவிடமான தாங்கி நிரம்பி வழியும். பைஆடியோ அதை -9981 என்று கத்திச் சொல்லத்தான் செய்தது. ஆனால் அந்தப் பிழைக்குத் தேடினால் எங்கும் கிடைக்கிற மருந்து வழிந்தால் பிழை காட்டச் சொல்லும் 'எக்ஸெப்ஷன்_ஆன்_ஓவர்ஃப்ளோ' என்ற அமைப்பை ஃபால்ஸ் (வேண்டாம்) ஆக்கு என்பது. நானும் ஆக்கினேன். கத்தல் நின்றது, இழப்பு நிற்கவில்லை. ஆங்கிலத்தில் இது அவ்வளவாக உறைக்காமல் போகலாம். தமிழில் ல்ல-வுக்கும் ல-வுக்கும் வித்தியாசமே நீளம்தான். சில துண்டுகள் போனால் சொல்லே மாறிவிடும். இப்படி ஒரு கதவை இவ்வளவு கைக்கெட்டும் இடத்தில் வைத்திருப்பது எனக்கு இன்றும் ஆத்திரம்.

இப்போது கால்பேக் முறைக்கு மாற்றிவிட்டேன். ஒலி வந்ததும் பைஆடியோவே என் நிரலின் ஒரு பகுதியை அழைக்கும். அது ஒலியை வரிசையில் போட்டுவிட்டுத் திரும்பும். கார்டில் எழுதுவது தனி இழை (த்ரெட்), கூடவே ஓடும் இன்னொரு வேலை. துண்டு 4096. கால்பேக்கில் வரும், வழிந்ததா என்று சொல்லும் நிலைக்கொடியையும் குறித்துக்கொள்கிறேன், வழிந்தால் நேரத்தோடு தெரியும். எட்டு மாதத்தில் ஒரு முறைகூட வழியவில்லை. அப்பா ஒன்றரை மணி நேரம் விடாமல் பேசினாலும் பைஆடியோ அப்படியே வாங்குகிறது, ஒரு நாளும் நின்றதில்லை. அதன் இந்த உழைப்புக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

ஆனாலும் நண்பருக்கு சவுண்ட்டிவைஸ் என்ற இன்னொரு பைத்தான் நூலகத்தைப் பயன்படுத்து என்றுதான் எழுதினேன். அடியில் இருப்பது அதே போர்ட்ஆடியோதான். ஆனால் அதில் படிக்கும் ஒவ்வொரு முறையும், ஒலியோடு 'வழிந்ததா' என்ற பதிலும் சேர்ந்தே கைக்கு வருகிறது. அந்த ஆறு மாதப் பதிவுகளில் வெட்டுப்பட்ட இடங்களை இப்போது அப்பாவிடம் மறுபடி கேட்டுக்கொண்டிருக்கிறேன். சிலவற்றை அவரே மறந்துவிட்டார்.