மோட்டார் கொட்டகைக்கு ஒரு கிளாம்ப் மீட்டர்

குறுவைக்கு நாற்று விட்ட வாரத்தில் 5 எச்பி மோட்டார் பத்து நிமிடம் ஓடுவதும் டிரிப் ஆவதுமாக இருந்ததால்தான் மன்னார்குடியில் இதை வாங்கினேன், எலக்ட்ரீஷியன்கள் டாங் டெஸ்டர் என்பார்களே, அதுதான். ஒயரை வெட்டவோ கழற்றவோ வேண்டாம், தாடையைத் திறந்து ஒரு ஒயரைக் கவ்வினால் ஆம்பியர் வந்துவிடுகிறது. ஒரே ஒரு ஒயர், கவனம்! மூன்று ஃபேஸையும் சேர்த்துக் கவ்வினால் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு பூஜ்யத்துக்குப் பக்கத்தில்தான் காட்டும்.

மோட்டார் பிளேட்டில் 7.5 ஆம்பியர் என்று இருக்கிறது. அளந்தால் இரண்டு ஃபேஸில் 10ஐத் தொடுகிறது, மூன்றாவதில் 4தான். அந்த மூன்றாவது ஃபேஸின் ஃபியூஸ் கேரியரை (ஃபியூஸ் கம்பி மாட்டும் கட்டையை) பிடுங்கிப் பார்த்தேன், உள்ளே செம்புப் பல் கருகி, பச்சை பூத்து, தொட்டதும் உதிர்ந்தது. மாற்றியதும் மூன்றும் ஏறக்குறைய 7. மோட்டாரின் காயில் (உள்ளே சுற்றியிருக்கும் கம்பி) எரியாமல் தப்பியது, அதற்கே இந்த மீட்டருக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும்.

குறை இல்லாமல் இல்லை. டிஸ்பிளேவில் விளக்கு கிடையாது, ராத்திரி கொட்டகையில் டார்ச் பிடிக்க ஆள் வேண்டும். அளந்த எண்ணை அப்படியே நிறுத்திவைக்கும் ஹோல்டு பட்டன் ஓரளவு கைகொடுக்கிறது. இந்த மாடல் ஏசி கரண்டை மட்டும்தான் அளக்கும், டிசி கரண்ட் வரும் சோலார் பேனல் ஒயருக்கு ஆகாது. அப்புறம், சின்ன கரண்ட் என்றால் ஒயரைத் தாடையில் பத்து சுற்று சுற்றி, வருவதைப் பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள், நன்றாகவே சரியாக வருகிறது.