மொறிஸ் மைனர் கதவுக் கைபிடி: ஒட்டியது, வார்த்தது, வாங்கியது

உப்புவெளியில் இருக்கும் நண்பர் ஒருவர் கேட்டார்: மொறிஸ் மைனர் என்ற பழைய பிரித்தானியக் காரின் சாரதிக் கதவுக் கைபிடி கழுத்தோடு முறிந்து கையில் வந்துவிட்டது. ஒட்டுவதா, பித்தளையில் வார்ப்பிப்பதா, புதிதாக வாங்குவதா? என் காரில் மூன்றும் இருக்கின்றன. சாரதிக் கதவில் ஒட்டிய பழையது, இடப்பக்க முன்கதவில் பித்தளை, பின்கதவுகள் இரண்டிலும் வெளிநாட்டிலிருந்து வந்த புதிய பிரதி. எல்லாம் ஒரே திருகோணமலை உப்புக்காற்றையும் மாரி மழையையும் வாங்கியவை என்பதால் ஒப்பிட்டுச் சொல்லலாம்.

அதற்கு முன் லொக்கைப் பாருங்கள். திருகித் திறக்கும் இந்த வகைக் கைபிடி தானாக முறிவதில்லை, இறுகிய லொக்தான் அதை முறிக்கிறது. அந்தக் காலத்துக் கைபிடிகள் மசாக் வார்ப்பு. நாகத்தோடு ஏறத்தாழ 4 சதவீதம் அலுமினியம் சேர்த்த உலோகம் அது. இரும்பைப் போல வளைந்து எச்சரிக்காது, ஒரேயடியாக முறியும். கழுத்துப் பகுதி மெல்லியது. அதன் நடுவே சதுர இரும்புத் தண்டு நுழைகிறது. அடியில் இருக்கும் ரப்பர் காய்ந்து வெடித்ததும் மழைநீர் உள்ளே இறங்கும். இரும்பும் நாகமும் உப்புநீரில் தொட்டுக்கொண்டிருந்தால் நாகம்தான் அரிபடும். அந்த வெள்ளைத் தூள் ஊதிப் பெருத்துக் கழுத்தை உள்ளிருந்தே பிளக்கும். மிச்சத்தை நம் கை செய்துவிடும்.

கைபிடியைக் கழற்றியபின் தண்டை மட்டும் லொக்குக்குள் விட்டுத் திருகிப் பாருங்கள். சின்ன ஸ்பானர் ஒன்றால் இலேசாகத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் லொக்கை வெளியே எடுத்து மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய கிறீஸைச் சுரண்டி, மெல்லிய எண்ணெய் விடுங்கள். கதவின் நுனியைத் தூக்கிப் பாருங்கள். ஆடினால் பிணைச்சல் தேய்ந்திருக்கிறது, கதவு தாழ்ந்து லொக் நாக்கு எதிர்த்தகட்டில் உரசுகிறது. இதைச் சரிசெய்யாமல் தங்கத்தில் கைபிடி போட்டாலும் முறியும்.

வெல்டிங் காரரிடம் கொண்டுபோகாதீர்கள். மசாக் 380 பாகை செல்சியசைத் தாண்டியதுமே உருகத் தொடங்கும். சிவந்து காட்டாது. சுவாலை பட்டுக்கொண்டிருக்கும்போதே சொட்டென்று தரையில் விழும். பித்தளைக் கம்பி உருகுவதற்கு இதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் சூடு வேண்டும், ஆகவே பற்றவைக்கும் பேச்சுக்கே இடமில்லை. எழும்பும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் காய்ச்சலும் வரும்.

ஒட்டுவதென்றால் வெறும் பசை நிற்காது, உள்ளே எலும்பு வைக்க வேண்டும். முறிந்த முகங்களை அராவாதீர்கள். அந்தக் கரடுமுரடுதான் இரண்டு துண்டையும் சரியான இடத்தில் பொருத்தும். பழைய பல்துலக்கியும் தின்னரும் கொண்டு தூளெல்லாம் போகக் கழுவுங்கள். ஒரு துண்டின் முகத்தில் நடுவே 3.3 மில்லிமீற்றர் துளை, 10 முதல் 12 மில்லிமீற்றர் ஆழம், எம்4 (4 மில்லிமீற்றர்) புரி. டிறில் மெதுவாகச் சுற்றட்டும். மசாக் அலகில் ஒட்டிக்கொள்ளும், மண்ணெண்ணெய் விட்டுக்கொண்டே போங்கள். துளை வாயில் கொஞ்சம் பெயின்ற் தடவி மற்றத் துண்டை அழுத்தினால் எதிர்த்துளைக்கு அடையாளம் விழும். அங்கே புரி போட வேண்டாம், 4.5 மில்லிமீற்றரில் வெறும் துளை போதும். இரண்டு பக்கமும் புரி போட்டால் முகங்கள் ஒன்றோடொன்று உட்காரவே மாட்டா. பலர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். ஸ்டெயின்லெஸ் எம்4 கம்பியைத் திருகி, உலோகத்தூள் கலந்த எப்பொக்சிப் பசையை இரண்டு துளைக்கும் முகத்துக்கும் பூசி, சைக்கிள் ட்யூப் பட்டியால் இறுக்கிக் கட்டி முழுதாக ஒரு நாள் விடுங்கள். ஐந்து நிமிடத்தில் இறுகும் எப்பொக்சி வேண்டாம், வெயிலில் சுட்ட கைபிடியில் அது இளகும். கழுத்தின் கனம் 8 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் இந்த வேலையே வேண்டாம், துளைச் சுவர் மிஞ்சாது.

ஒட்டியதில் மயிரிழை போல ஒரு கோடு தெரியும். குரோம் தொடர்ந்து உரியும். ஆனால் பிடித்தால் கைக்குப் பழைய கைபிடியேதான்.

பித்தளை வார்ப்பு பார்க்கவும் பிடிக்கவும் அருமை. பழைய கைபிடியையே அச்சாக வைத்து மண்ணில் வார்த்தால் பித்தளை ஆறும்போது ஏறத்தாழ 1.5 சதவீதம் சுருங்கும், 100 மில்லிமீற்றருக்கு ஒன்றரை குறையும். ஆகவே அச்சின் மேல் பட்டிப் பசை பூசிப் பெருக்கிக்கொள்ள வேண்டும், தண்டுத் துளையைப் பிறகு அராவிச் சதுரமாக்க வேண்டும். இதெல்லாம் செய்து முடித்தால் கடற்கரையில் விட்டாலும் எளிதில் அரிக்காது. குரோம் பூசுபவருக்கும் தலையிடி இல்லை. மசாக்கை இரும்பென்று நினைத்து அமிலத்தில் போட்டால் கைபிடியே கரைந்துபோகும், பித்தளையில் அந்தப் பயமில்லை.

ஆனால் பாரம்! மசாக் கைபிடியின் முதுகுப்பக்கம் குடைந்திருக்கும். மண் வார்ப்பு முழுக்கட்டியாக வரும், பித்தளையே மசாக்கைவிடக் கால்பங்கு கனமான உலோகம் வேறு. லொக்குக்குள் இருக்கும் வயதான சுருள்வில் அதைத் தாங்குவதில்லை. கைபிடி கிடையாக நிற்காமல் நுனி தாழ்ந்து தொங்குகிறது. கதவு திறந்துகொள்ளாது, ஆனால் சாவி திரும்பாது. இடக்கையால் கைபிடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வலக்கையால் சாவியைத் திருப்ப வேண்டும். கையில் மீன் பையோடு மழையில் நின்று ஒவ்வொரு தடவையும் இதைச் செய்வது எவ்வளவு எரிச்சல் என்று அனுபவித்தால்தான் தெரியும். முதுகைக் குடைந்து பாரம் குறைத்தாயிற்று, கொஞ்சம் குறைந்தது. கம்பியின் தடிப்பு 1 மில்லிமீற்றருக்குப் பதில் 1.1 ஆனால் வில்லின் வலு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். அப்படி ஒரு வில் போட்டதும் கைபிடி நிமிர்ந்தது, ஆனால் திருப்ப இப்போது இரும்புக் கை வேண்டும். வயதான ஆட்களுக்கு அந்தக் கதவை நான்தான் திறந்துவிடுகிறேன்.

புதிய பிரதிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அளவு சரி, பளபளப்பும் சரி. குரோமுக்குக் கீழே உள்ள நிக்கல் மெல்லியது, விளிம்பில் பரு பருவாகக் கிளம்பிவிட்டது. தண்டு லொக்குக்குள் ஆடியதால் மெல்லிய பித்தளைத் தகடு சுற்றவேண்டி வந்தது. பிடித்து நிறுத்தும் ஸ்குரூவை மட்டும் கவனியுங்கள். பழைய பிரித்தானியக் கார்களில் பிஏ என்ற பழைய பிரித்தானிய அளவுப் புரி வரும். 2 பிஏ ஸ்குரூவின் தடிப்பு 4.7 மில்லிமீற்றர், எம்5 ஸ்குரூ கிட்டத்தட்ட அதே போலத் தோன்றும். அதைப் பலவந்தமாகத் திருகினால் மசாக் பிளந்துவிடும்.

நியாயமாகப் புள்ளி போட்டால் பித்தளைதான் முதலிடம். எனக்கு அடுத்த கைபிடி முறிந்தால் பித்தளைப் பக்கமே போகமாட்டேன், ஒட்டத்தான் போகிறேன். அந்தத் தொங்கலை இன்னொரு கதவிலும் பார்க்க எனக்குப் பொறுமையில்லை.

நண்பரே, லொக்கைக் கழுவுங்கள், ட்யூப் ரப்பரில் புதிய அடித்தட்டு வெட்டிப் போடுங்கள், கதவின் அடித்துளைகளில் அடைத்திருக்கும் மணலைக் குத்தி எடுங்கள். முறிந்த துண்டு இரண்டையும் ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனியே துணியில் சுற்றி வையுங்கள். சூப்பர் குளூ மட்டும் தொடவேண்டாம். அது முறிவின் கரடுமுரடை நிரப்பிவிட்டால் பிறகு எப்பொக்சி பிடிக்காது.